கடலுக்குத் தீட்டு வந்த பங்குனி

வேலம்மாள் உறையூர்க்காரி. காவிரிப் பாலத்தைத் தாண்டி ஒற்றை மாட்டு வண்டியில் உப்பு கொண்டுவந்து ஸ்ரீரங்கத்து வீதிகளில் விற்பாள். வண்டியும் மாடும் அவள் கணவர் வீரமலையினுடையவை. கல்யாணமான புதிதில் அவர்தான் விற்கப் போனாராம். ஆனால் வீரமலைக்குக் குரல் கிடையாது. வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, யாராவது தற்செயலாக வெளியே வந்து பார்க்க மாட்டார்களா என்று காத்துக்கொண்டு நிற்பார். கொண்டுபோன உப்பு அப்படியே திரும்பி வரும். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்த வேலம்மாள், "நீங்க மூட்டையை ஏத்துங்க போதும், நான் போய்க் கத்திட்டு வரேன்" என்று சொல்லிக் கயிற்றைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

அவள் குரலுக்கு மூன்று வீதி தாங்கும். கிழக்கு உத்திர வீதி முனையில் "உப்பேய்" என்றால் சித்திரை வீதியில் படி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவார்கள். யார் எவ்வளவு வாங்குகிறார்கள் என்பதை வைத்தே அந்த வீட்டு நடப்பைச் சொல்லிவிடுவாள். "என்னம்மா, போன வாரந்தானே ரெண்டு படி வாங்கினீங்க? மாப்பிள்ளை வந்திருக்காரா, இல்லே மாமியாரோட கோவமா?" என்பாள். கோபம் வந்தால் சமையலில் உப்பு கூடும் என்பது அவள் கண்டது.

வியாபாரத்தில் அவளுக்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. விளக்கு வைத்த பிறகு உப்பு தரமாட்டாள், உப்பு என்ற சொல்லைக்கூட வாயில் எடுக்கமாட்டாள். அந்த நேரத்தில் உப்பு வெளியே போனால் லட்சுமியும் கூடவே போய்விடுவாள். இன்னொன்று, உப்பில் கை இருக்கும்போது பொய் சொல்லமாட்டாள். அவள் கை எப்போதும் உப்பில்தான் இருக்கும் என்பதால் இது பெரிய சங்கடம். "இந்தப் புடவை எனக்கு நன்னா இருக்கா வேலம்மா?" என்று கேட்டு முகம் வாடிப்போனவர்கள் எங்கள் வீதியில் உண்டு.

மாட்டின் பெயர் செவலை. வயதாகிவிட்டது. நுகத்தடி அழுத்தி அழுத்திக் கழுத்தில் காய்ப்பு விழுந்து, நின்றாலும் நடந்தாலும் தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கும். முன்னங்கால் முட்டி வீங்கியிருந்தது. பாலத்தின் ஏற்றத்தில் வேலம்மாளும் இறங்கித் தள்ளினால்தான் வண்டி ஏறும். ஐம்பத்து நான்காம் வருஷம் மாசி மாதத்தில் அவள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றுதான்: மாவடுக் காலம் முடிந்ததும் மணப்பாறைச் சந்தையில் புது மாடு.

ஸ்ரீரங்கத்தில் மாவடுக் காலம் என்றால் உப்புக்குத் தேர்த் திருவிழா மாதிரி. மற்ற மாதங்களில் படிக் கணக்கில் வாங்குகிறவர்கள் அப்போது மரக்கால் கணக்கில் வாங்குவார்கள். ஜாடி ஜாடியாக வடு ஊறும். வேலம்மாளுக்கு வருஷத்துச் சோறே அந்தச் சில வாரங்களில்தான் இருந்தது.

எதிர்வீட்டு ஸ்ரீரங்கராஜன் ஸ்வாமி போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் வாசலில் நாற்காலி போட்டு, இங்கிலீஷ் பேப்பரை வீதிக்கே கேட்கும்படி வாசிப்பார். முதலில் இங்கிலீஷ், பிறகு தமிழ், பிறகு அபிப்பிராயம். பங்குனியில் ஒரு நாள் அவர் வாசித்தது இது: அமெரிக்காக்காரர்கள் நடுச் சமுத்திரத்தில் ஒரு தீவில் குண்டு போட்டுப் பார்த்தார்கள். நினைத்ததைவிடப் பல மடங்கு பெரிதாக வெடித்துவிட்டது. தூரத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பான்காரர்களின் படகு மேல் வெள்ளை வெள்ளையாகச் சாம்பல் கொட்டியது. அத்தனை பேருக்கும் உடம்பு வெந்து, ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள்.

"கணக்குத் தப்பிப் போச்சாம்" என்றார் ஸ்வாமி.

உள்ளே இருந்து அவருடைய அகத்துக்காரி கமலவல்லி அம்மாளின் குரல் வந்தது. "சாத்தமுதுல உப்பு ஒரு கல் ஜாஸ்தியானா என்னை உண்டு இல்லைன்னு பண்றேள். அவாளை யாரும் கேக்க மாட்டாளாமா?"

மறுநாள் பேப்பரில் மீன் வந்தது. ஜப்பானில் சந்தைக்கு வரும் மீனுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியை வைத்துப் பார்க்கிறார்களாம். பெட்டி டிக் டிக் என்று அடித்துக்கொண்டால் அந்த மீனைக் குழிவெட்டிப் புதைக்கிறார்களாம். ஜனங்கள் மீன் வாங்கவே பயப்படுகிறார்களாம். எங்கள் வீதி இதை மிகவும் நிம்மதியாகக் கேட்டது.

"நமக்கென்ன? நாம மீனைக் கண்ணாலயும் பாக்கறதில்லே" என்றார் ஸ்வாமி.

கமலவல்லி அம்மாள் முறத்தோடு வாசலுக்கு வந்தார். "ஏன்னா, உப்பு எங்கேர்ந்து வரது?"

ஸ்வாமி பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அபிப்பிராயம் சொல்லாமல் அவர் பேப்பரை மடித்ததை அதற்கு முன் வீதி பார்த்ததில்லை.

பிறகு மெதுவாக ஆரம்பித்தார். "கண்ணால பாத்தா தெரியாது. மோந்தா தெரியாது. தொட்டா ஒட்டிக்கும். தொட்டவனைத் தொட்டாலும் ஒட்டிக்கும். நம்மாத்துல இதுக்கு என்னடி பேரு?"

"தீட்டு" என்றார் கமலவல்லி அம்மாள்.

"சமுத்திரம் தீட்டாயிடுத்து" என்றார் ஸ்வாமி.

அந்த நேரம் பார்த்து சயன்ஸ் வாத்தியார் மாத்ருபூதம் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். ஸ்வாமி அவரைக் கைகாட்டி நிறுத்தினார்.

"ஓய், நீர் படிச்சவர். இந்தத் தீட்டு எத்தனை நாளைக்கு?"

மாத்ருபூதம் நல்ல மனிதர். கேட்டால் முழுதாகச் சொல்லவேண்டும் என்று நினைக்கிறவர். ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு சொன்னார். "அது ஒரேயடியாப் போகாதுங்க. கொஞ்ச காலத்துல பாதி போகும். அப்புறம் அதே அளவு காலத்துல மீதியில பாதி. அப்புறம் அதுல பாதி."

"முழுசா எப்போ போகும்?"

"கணக்குப்படி பாத்தா முழுசாப் போகவே போகாதுங்க."

"முடியாத தீட்டா!" ஸ்வாமி எழுந்து நின்றுவிட்டார். "பத்து நாள் உண்டு, மூணு நாள் உண்டு, ஸ்நானத்தோட போறது உண்டு. பாதி பாதியாப் போற தீட்டு எந்த சாஸ்திரத்துல இருக்கு?"

"ஆனா பாருங்க, அது வேற சமுத்திரம். நம்ம பக்கம் வந்து சேரும்போது ரொம்பக் கொஞ்சமாத்தான் இருக்கும்."

"கொஞ்சம் தீட்டுன்னு ஒண்ணு உண்டா ஓய்? ஒண்ணு தீட்டு, இல்லேன்னா மடி."

மாத்ருபூதம் யோசித்தார். பள்ளிக்கூட மணி அடித்தது. விடை சொல்லாமல் தப்பித்ததில் அவருக்குச் சந்தோஷம் என்று மிதித்த வேகத்திலேயே தெரிந்தது.

"தாயார் அவதரிச்ச இடம்னா சமுத்திரம்? அவ பொறந்தாத்தையே தீட்டுங்கறேளே" என்று கமலவல்லி அம்மாள் கடைசியாகச் சொல்லிப் பார்த்தார்.

"அது பாற்கடல்டீ. இது உப்புக்கடல்."

அன்று சாயங்காலமே ஸ்வாமி டவுனுக்குப் போய் நாட்டு மருந்துக் கடையில் இந்துப்பு வாங்கிவந்தார். அது மலையிலிருந்து வெட்டி எடுப்பது, சமுத்திர சம்பந்தம் இல்லாதது. சூரணம் மடிக்கிற மாதிரி சின்னப் பொட்டலங்களில் மடித்துக் கொடுத்திருந்தார்கள். வீதியில் ஒவ்வொரு வீடாக அது பரவியது. சாத்தமுதும் குழம்பும் கஷாய வாசனை அடித்தன. யாரும் வெளியே சொல்லவில்லை. "லேசா இருக்கு, வயித்துக்கு நல்லது" என்று சொல்லிக்கொண்டார்கள்.

வேலம்மாளுக்கு இது எதுவும் தெரியாது. வெள்ளிக்கிழமை காலையில், வண்டி நிறைய உப்போடு வந்தாள். முதல் வாசலில், "தீட்டு, இன்னிக்கு வேண்டாம்" என்றார்கள். அடுத்த வாசலிலும் அதே. மூன்றாவது வாசலில் கதவே திறக்கவில்லை. வீதியில் பெரிய சாவு விழுந்திருக்கிறது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். கூவுவதை நிறுத்தினாள். செவலையின் கழுத்து மணியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். முந்தானையால் வாயைப் பொத்தியபடி ஸ்வாமியின் வாசலுக்கு வந்தாள்.

"யாருங்க சாமி தவறிட்டாங்க?"

"யாரும் தவறலை. கடலுக்குத் தீட்டு."

"கடலுக்கா?" வேலம்மாள் கையை எடுத்தாள். "கடல்ல யாரு செத்தது?"

ஸ்வாமி குண்டு, சாம்பல், படகு எல்லாவற்றையும் சொன்னார். அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள்.

"ஐயோ பாவமே. அந்த மீன்காரங்க செத்துட்டாங்களா?"

"இல்லை. ஆஸ்பத்திரியில இருக்கா."

"உசிரோட இருக்கறவங்களுக்கு எதுக்குங்க தீட்டு? நாளைக்கே ஒண்ணு ஆனாலும் தீட்டு பங்காளிக்குத்தானே? ஜப்பான்காரங்க உங்களுக்குப் பங்காளிங்களா சாமி?"

பக்கத்து வீடுகளில் ஜன்னலுக்குப் பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். அதுதான் வினையாகப் போயிற்று. ஸ்வாமியின் காது சிவந்தது. அதுவரை அபிப்பிராயமாக இருந்தது அந்தச் சிரிப்புக்குப் பிறகு சபதமாகிவிட்டது. "இந்த வாசல்ல இனிமே சமுத்திர உப்பு இறங்காது" என்று சொல்லி உள்ளே போனார்.

அவர் வீட்டில் இறங்காதது வீதியில் இறங்கவில்லை. போஸ்ட் மாஸ்டர், இங்கிலீஷ் படித்தவர், அவர் வீட்டிலேயே வாங்கவில்லை என்றால் ஏதோ இருக்கும் என்று பக்கத்து வீதிகளும் நினைத்தன. வேலம்மாள் தினமும் வந்தாள், தினமும் கூவினாள். கொண்டுவந்த பாரத்தைச் செவலை அப்படியே திரும்ப இழுத்துக்கொண்டு பாலம் ஏறியது.

கொல்லைப்புறச் சந்தில் அவள் கமலவல்லி அம்மாளிடம் சொன்னாள். "மாவடுக் காலந்தாம்மா எனக்கு வருசமே. இது போச்சுன்னா புது மாடு கிடையாது. செவலையால இன்னொரு வருசம் பாலம் ஏற முடியாது. மாடு ஏறலைன்னா நான் உங்க ஊருக்கே வர முடியாது. எங்க வீட்டுக்காரரைக் கத்தச் சொல்லி அனுப்பவா?"

கமலவல்லி அம்மாளுக்கும் கஷ்டம் இருந்தது. ஒரு கூடை வடு வாங்கியாகிவிட்டது. வீதியில் எல்லா வீட்டுப் பெண்களும் அதே மாதிரி வாங்கிவிட்டார்கள். வடு யார் சபதத்துக்காகவும் காத்திருக்காது. மருந்துக்கடைப் பொட்டலங்களை எல்லாம் பிரித்துக் கொட்டியும் ஜாடியில் கால்வாசிக்குக்கூட உப்பு பிடிக்கவில்லை. வடு சுருங்குவதற்குப் பதிலாக வழவழக்க ஆரம்பித்தது.

பகலில் வாசலில் ஸ்வாமியின் நாற்காலி இருந்தது. ஆண்கள் எல்லாரும் பெருமாள் சேவிக்கக் கோயிலுக்குப் போவது சாயங்காலத்தில். ஆகவே ஒரு நாள் விளக்கு வைத்த கையோடு, பெண்கள் ஆளுக்கொரு பாத்திரத்துடன் கொல்லைச் சந்தில் கூடினார்கள். வேலம்மாளை வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்கள். அவளும் வண்டியோடு வந்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு வீட்டு மாடத்திலும் எரிகிற விளக்கைப் பார்த்தாள்.

"விளக்கு வெச்சாச்சே" என்றாள்.

"அதனாலதான் உன்னைக் கூப்பிட்டோம். சீக்கிரம் போடு."

"மாட்டேம்மா. விளக்கு வெச்சப்புறம் அதைத் தரமாட்டேன்."

"அடி அசடே, உனக்காகத்தானேடி இவ்வளவும்!"

"எனக்காகன்னா நாளைக்குக் காலையில வாங்கிக்குங்க."

"காலையில அவர் உக்காந்திருப்பாரே!"

"அது உங்க கஷ்டம்" என்று சொல்லிவிட்டு அவள் மாட்டைத் திருப்பினாள். பாத்திரங்கள் வந்த மாதிரியே காலியாக வீட்டுக்குப் போயின. "இவளுக்கு உதவி பண்ணப் போனோமே, நம்மைச் சொல்லணும்" என்று ஒரு மாமி தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் பகல், ஸ்வாமி தயிர்சாதத்துக்கு உட்கார்ந்தார். அவருக்கு வடு இல்லாமல் தயிர்சாதம் இறங்காது. கமலவல்லி அம்மாள் பழைய ஜாடியைச் சாய்த்து, அடியில் கிடந்த கடைசி வடுவை இலையில் போட்டார். ஸ்வாமி அதைக் கடிக்கவில்லை. விரலால் உருட்டிப் பார்த்தார்.

"இது எப்போ போட்டது?"

"போன வருஷம்."

"அப்போ இந்த உப்பு குண்டுக்கு முந்தின உப்பு."

"ஆமாம். சாப்பிடுங்கோ."

கடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். வெகுநாளைக்குப் பிறகு நாக்கில் உப்பு. கொட்டையைச் சப்பி முடித்தபோது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. "தீட்டு வரதுக்கு முன்னாடி கரையேறின உப்புக்குத் தோஷமில்லையே?" என்றார். கமலவல்லி அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜாடியைக் கழுவ எடுத்துப் போனார். சிரிப்பு எவ்வளவு விலை வைக்கும் என்று அவருக்கு இப்போது தெரியும்.

அடுத்த நாள் காலையில் ஸ்வாமியே நடு வீதியில் வண்டியை மறித்தார். வாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள். வேலம்மாள் வழக்கம்போல உப்புக் குவியலில் கையைப் புதைத்துக்கொண்டிருந்தாள்.

"வேலம்மா, யோசிச்சுச் சொல்லு. இது போன வருஷத்து உப்புதானே?"

"தெரியாதுங்க சாமி. மண்டியில மூட்டையாத் தராங்க, ஏத்திட்டு வரேன்."

"பழசாத்தான் இருக்கும். பழசுன்னு சொல்லேன்."

"தெரியாததை எப்படிங்க சொல்றது?"

"கமலவல்லி உள்ளே ஜாடியைக் காலி பண்ணி வெச்சுண்டு நிக்கறாடி!" அவர் குரல் தழைந்தது. "பழசுன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. ஒரு மரக்கால் இல்லே, ரெண்டு மரக்கால் வாங்கிக்கறேன். வீதியே வாங்கும்."

வீதி முழுக்க அவள் வாயைப் பார்த்தது. மணப்பாறை மாடு அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. வேலம்மாள் கையை உப்பிலிருந்து உருவப் பார்த்த மாதிரி இருந்தது. ஆனால் உருவவில்லை. அவள் முகம் அழுகைக்குப் போய்த் திரும்பியது.

"பழசா இருக்கலாம், புதுசா இருக்கலாம். உப்புல கையை வெச்சுக்கிட்டு எனக்குப் பொய் வராது சாமி. என்னை விட்டுடுங்க."

ஸ்வாமி தவித்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். எதிரே செவலை நின்றுகொண்டிருந்தது. யாரைக் கேட்கிறோம் என்ற யோசனை இல்லாமலே, "இது பழைய உப்பா?" என்று கேட்டார்.

செவலை தலையை மேலும் கீழும் ஆட்டியது.

மார்கழியில் வண்ணத் துணி போர்த்துக்கொண்டு வீடு வீடாக வரும் பெருமாள் மாட்டிடம், கல்யாணம் நடக்குமா, வேலை கிடைக்குமா என்று கேட்டு, அது தலையாட்டியதும் அரிசி போடாதவர்கள் எங்கள் வீதியில் இல்லை.

"பெருமாள் மாடு!" என்றார் ஸ்வாமி. "பெருமாளே சொல்லிட்டார்! கமலவல்லீ, மரக்காலை எடுத்துண்டு வா!"

"ஐயையோ, அது எப்பவும் ஆட்டுமுங்க. கழுத்துக் காய்ப்புங்க" என்று வேலம்மாள் கத்தினாள். மூன்று வீதி கேட்கிற அந்தக் குரல் அன்று யார் காதிலும் விழவில்லை. "புதுசான்னு கேட்டுப் பாருங்க, அதுக்கும் ஆட்டும்!" என்றாள். யாரும் கேட்டுப் பார்க்கவில்லை. பாத்திரத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானத்துக்குள் வண்டி காலி. வீரமலை அன்று இன்னொரு நடை மூட்டை ஏற்றி அனுப்பவேண்டியிருந்தது. சாட்சி சொன்ன மாட்டின் உப்பு என்று சித்திரை வீதியிலிருந்தும் திருவானைக்காவலிலிருந்தும் கேட்டு வந்தார்கள். வழவழத்த வடுவைக் கொட்டிவிட்டுப் புதுக் கூடை வாங்கினார்கள். கமலவல்லி அம்மாளின் ஜாடி வாய்வரை நிரம்பியது. ஸ்வாமி மறுபடி பேப்பர் வாசித்தார், ஆனால் சமுத்திரம் வருகிற இடங்களைக் கொஞ்சம் மெதுவாக வாசித்தார்.

சித்திரை கடைசியில் வேலம்மாள் மணப்பாறைக்குப் போய்ப் புது மாடு பிடித்துவந்தாள். வெள்ளை, இளசு, பாலத்தைச் சிட்டாக ஏறும். தலையை ஆட்டாது. அதுதான் தகராறு. முதல் நாளே ஸ்வாமி வண்டியை நிறுத்தி, "செவலை எங்கே?" என்றார்.

"வீட்டுல கட்டியிருக்கேன் சாமி. பாவம், ஓய்வு எடுக்கட்டும்."

"அப்போ இந்த உப்புக்கு யார் சாட்சி?"

அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கடைசியில் வேறு வழியில்லாமல் வெள்ளையை முன்னால் பூட்டி, செவலையை வண்டிக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தாள். பாரம் இல்லாமல் செவலை மெதுவாக நொண்டி நடக்கும். ஒவ்வொரு வாசலிலும் நின்று தலையாட்டும். அகத்திக்கீரையும் வாழைப்பழத் தோலும் வாங்கிக்கொள்ளும். வேலை செய்த காலத்தில் அது இவ்வளவு நன்றாகச் சாப்பிட்டதில்லை என்று வேலம்மாள் சொல்வாள். "நான் உண்மையைச் சொன்னேன், எனக்கு ஒரு தோலு உண்டா?" என்றும் கேட்பாள்.

புரட்டாசியில் ஒரு காலை, ஸ்வாமி பேப்பரை விரித்தார். வாசிக்க ஆரம்பித்து, நிறுத்திவிட்டார். வேலம்மாள் அப்போதுதான் வாசலில் படி அளந்துகொண்டிருந்தாள்.

"என்னங்க சாமி?"

"அந்த ஜப்பான் படகுக்காரா. அதுல ரேடியோ பாத்துண்டிருந்தவர். ஆஸ்பத்திரியில போயிட்டாராம்."

வேலம்மாளின் கை உப்பில் அப்படியே நின்றது.

"பேரு என்னங்க?"

ஸ்வாமி வாசித்துப் பார்த்தார். அந்தப் பெயர் அவர் வாயில் ஒழுங்காக வரவில்லை. இரண்டாம் தரம் இன்னும் மெதுவாகச் சொன்னார். அவளும் அதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள்.

"பொண்டாட்டி புள்ளைங்க இருக்காங்களா?"

"இருக்காளாம்."

வேலம்மாள் படியைத் தட்டிவிட்டு வைத்தாள். பங்காளியா என்று பங்குனியில் கேட்டதை அவளும் நினைத்துக்கொண்டாளோ என்னவோ. ஸ்வாமி பேப்பரை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு உள்ளே போனார். ஏற்கெனவே ஸ்நானம் பண்ணி, திருமண் இட்டுக்கொண்டிருந்தவர், துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அம்மா மண்டபத்துப் பக்கம், காவிரிக்குப் போனார். "ஏன்னா, எதுக்கு இப்போ இன்னொரு ஸ்நானம்?" என்று கேட்டபடி கமலவல்லி அம்மாள் வாசலுக்கு வந்தபோது அவர் வீதி முனையைத் திரும்பியிருந்தார்.

அன்று எங்கள் வீதியில் வேலம்மாள் கூவவில்லை. செவலையின் கழுத்து மணியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். வேண்டியவர்கள் வண்டிக்குப் பின்னால் ஓடிப்போய் வாங்கினார்கள். செவலை மட்டும் வழக்கமான வாசல்களில் தானாக நின்று, தலையாட்டி, கிடைத்ததைத் தின்றுவிட்டு, கயிறு இழுத்த பிறகு நகர்ந்தது.